தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒரு மாமி

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்த என் கணவரின் வாயில் ‘ஓம்’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். உம்மா பழைய வழக்கக்காரி. மருமகனோடு நேரே கதைக்கமாட்டார். சோறு தயாரென்றால் குசினிக் கதவில் கரண்டியால் தட்டுவார். என் கணவர் வந்து, சாப்பிட்டு, எழுந்து போவார். ‘வாயில்லாப் பூச்சி’ என்று நானே பகிடி பண்ணுவேன்.

அந்த நாட்களில் வட்ஸ்அப்பில் ஒரு மாமியின் குரல் எங்கள் சாய்ந்தமருது ஊர் முழுக்கச் சுற்றியது. ஆளை யாருக்கும் தெரியாது. மீன் விலை, கல்யாண வீட்டுச் சாப்பாடு, மருமகனின் குறட்டை என்று அந்த மனுஷி ஆரம்பித்தால் சிரித்துச் சிரித்து வயிறு நோகும். உம்மாவுக்கு அந்தக் குரல் என்றால் உயிர்.

“ஆரு பெத்த புள்ளயோ, என்னமாக் கதைக்கிறா!” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை புதிய பதிவு வந்தது. “நான் மருமகனோட கதைக்கிற இல்ல. கதவுல கரண்டியால ஒரு தட்டு. ஆணத்துல உப்புக் கூடிட்டெண்டா ரெண்டு தட்டு.”

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. கறியில் உப்புக் கூடினால் இரண்டு தட்டுத் தட்டுவது இந்த உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான்.

பின்னேரம் என் கணவர் தாங்கியில் தண்ணீர் பார்க்கவென்று மொட்டைமாடிக்குப் போனார். சத்தமில்லாமல் பின்னால் ஏறினேன். தாங்கிக்குப் பின்னால், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, போனை வாயருகே பிடித்தபடி, என் கணவரின் வாயிலிருந்து அந்த மாமி பேசிக்கொண்டிருந்தா! என்னைக் கண்டதும் போன் கை நழுவப் பார்த்தது.

“உம்மாக்குச் சொல்லிராத புள்ள. பேக்கோட அனுப்பிருவா.”

எனக்குக் கோபமும் வந்தது. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொட்டிய பேச்சில் எனக்கொரு துளி வைக்கவில்லையே இந்த மனுஷன்! ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கீழே இறங்கினால், குசினியில் உம்மாவின் போனில் அதே பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ‘ரெண்டு தட்டு’ என்றதும் நிறுத்தினார். என் பின்னாலேயே இறங்கி வந்த என் கணவர் மெல்லப் பின்வாங்கப் பார்த்தார்.

“மருமகன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உம்மா அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“ஓம், மாமி.”

“உப்புக் கதைய ஊருக்கே சொல்லிட்டீங்க. செரி. என்ட றால் ஆணத்துட ருசிய ஆரு சொல்ற?”

“இந்தா, இப்பவே சொல்றன் மாமி” என்றார், அந்த வட்ஸ்அப் மாமியின் குரலிலேயே. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, தன் கையாலேயே அவருக்குச் சோறு போட்டார்.

அன்று அந்த இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு ஒரு சொல் கதைக்க இடம் கிடைக்கவில்லை.