யாரும் வாங்காத பத்து ரூபாய்

விடியற்காலையில் கிரிவலப் பாதையில் நடப்பவள் நான். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள், சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார், அடி அண்ணாமலையில் வீடு, வாசலிலேயே பாதை கிடக்கிறது, நடக்கிறேன். பாதித் தூக்கத்தில்தான் நடப்பேன். அந்த நேரத்தில் மலை முழுசாக இருக்காது. மேகம் பாதியை வைத்துக்கொண்டு மீதியைத்தான் நமக்குத் தரும். புளியமரங்களுக்கு அடியில் வரிசையாக ஆட்கள் போர்த்திப் படுத்திருப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் மலையும் அப்படியே போர்த்திப் படுத்திருக்கும். சில நாள் நான் நடக்கிறேனா, மலை என்னோடு நடக்கிறதா என்றே தெரியாது. எங்கோ ஒரு மயில் கத்தும். அப்போதுதான் எனக்குக் கால் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.

இந்தச் சுகமான மயக்கத்தைக் கெடுப்பது ஒரே கேள்விதான். படுத்திருப்பவர்களில் ஒருவர் எழுந்து கையை நீட்டினால் காசு போடுவதா, கூடாதா? இந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இதற்கு ஒரு பதில் உண்டு. வேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரரின் பதில் இது: "காசு குடுக்காதமே. நேரா ஒயின் ஷாப்புக்குப் போயிடும். பசிக்குதுன்னா நாலு இட்லி வாங்கிக் குடு." செங்கம் ரோட்டில், ஆசிரமப் பக்கம் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கே வரும் வெளியூர்க்காரர்கள் வேறு என்னிடம் கேட்பார்கள், கொடுக்கலாமா என்று. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "உங்க காசு, உங்க கை. என்னை ஏன் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு மிஷினைப் பார்க்கத் திரும்பிவிடுவேன்.

ஆனால் நான் கொடுப்பவள்தான். தினமும் கொடுப்பேன். எப்படிக் கொடுத்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பத்து ரூபாய்க் காசு இருக்கிறதே, அதை எங்கள் பக்கத்தில் யாரும் வாங்கமாட்டார்கள். அது செல்லும், சத்தியமாகச் செல்லும். பேங்கில் வாங்கிக்கொள்வார்கள், பேப்பரிலும் எத்தனையோ தடவை போட்டாயிற்று. ஆனாலும் டீக்கடையில் நீட்டினால் பல்லியைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பார்கள். காய்க்காரம்மா கையையே மடக்கிக்கொள்வாள். யார் முதலில் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை, அவன் வாங்கமாட்டான் என்பதால் இவன் வாங்குவதில்லை, அவ்வளவுதான். இப்போது பாதிப் பேர் போனிலேயே ஸ்கேன் பண்ணிவிடுகிறார்கள். இருந்தும் பௌர்ணமிக்கு ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள் ஆதார் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு இந்தக் காசை டேபிளில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை. கடைசியில் நானே பெரிய எழுத்தில் அடித்து, லேமினேட் பண்ணி, தொங்கவிட்டேன்: பத்து ரூபாய் நாணயம் வாங்கப்படமாட்டாது.

அதற்கு முன்னால் சேர்ந்தது, அதற்குப் பின்னாலும் கண் அசந்த நேரத்தில் சேர்ந்தது எல்லாம் ஒரு ஊறுகாய் பாட்டிலில் கிடந்தது. பேங்க் வரிசையில் யார் போய் நிற்பது? காலையில் நடக்கப் போகும்போது நாலைந்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொள்வேன். பாதையில் நீட்டுகிற கைகளில் போடுவேன். எல்லோரும் ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் போடும் இடத்தில் நான் பத்து ரூபாய் போடுகிறேன் என்று ஒரு பெருமை வேறு. தொல்லையும் தீர்ந்தது, புண்ணியமும் வந்தது. வீட்டுக்காரர் திட்டினால், "உங்களை மாதிரி எனக்குக் கல் மனசு இல்ல" என்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது எழுதும்போது.

வாங்குகிறவர்களில் ஒருவர், திருப்பத்தில் இருக்கும் மூடிய டீக்கடைக்கு முன்னால் படுப்பவர். அறுபது வயது இருக்கும். காவி கட்டமாட்டார். காவி கட்டினால் இந்தப் பாதையில் ஜாஸ்தி கிடைக்கும், அவர் அழுக்கு லுங்கியோடுதான் இருப்பார். கையை நீட்டவும் மாட்டார். எழுந்து உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், வாரத்தில் ஒருநாள் நான் குனிந்து ஒரு காசைப் பக்கத்தில் வைத்துவிட்டு நடப்பேன். பேச்சு கிடையாது. எட்டு மாதம் இப்படியே போயிற்று. அந்தப் பனியில் அவர் நிஜமாகவே அங்கே இருக்கிறாரா என்றுகூட ஒருநாள் தோன்றியது.

அப்புறம் ஒரு மத்தியானம் அவர் என் கடைக்கு வந்தார்.

மத்தியானம் என் கடை தூங்குமூஞ்சிக் கடை. மிஷினின் பச்சை வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், வரும். சுடச்சுடக் காகிதம் விழும். அந்தச் சூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நான் கண்ணயர்ந்துவிடுவேன். அன்று கண் திறந்தபோது எதிரே அவர் நின்றுகொண்டிருந்தார். பாதையில் விடியற்காலையில் பார்க்கிற ஆளை வெயிலில் பார்த்ததில், கனவுதான் இன்னும் முடியவில்லை என்று நினைத்தேன். கையில் கழுவிய பால் கவர், அது நிறையக் காசு.

"அம்மா, இதுக்கு நோட்டு குடுப்பீங்களா?"

தூக்கம் கலைந்த எரிச்சல். பெஞ்சில் காத்திருந்த ரெண்டு பொம்பளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நகர்ந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கண்ணு தெரியலயா உனக்கு? போர்டு தொங்குது பாரு. இங்க அந்தக் காசு வாங்கறதில்ல. வியாபார நேரத்துல வந்து நிக்கறியே, போய் வேற எங்கயாவது மாத்து."

"வேற எடமெல்லாம் பாத்துட்டுதாம்மா வரேன். டீக்கடையில வாங்கல. பஸ்ல வாங்கல. சவரம் பண்றவர் சிரிச்சாரு." அவர் போர்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "படிச்சேம்மா. காலையில அங்க வந்து குடுக்கறீங்க, இங்க வாங்கமாட்டேன்னு போட்டிருக்கீங்க. அதுதான் எனக்குப் புரியல."

குத்திக் காட்டவில்லை அவர். நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

"எல்லாமா நான் போட்டது?" என்றேன், சண்டைக்குப் போகிற குரலில்.

"இல்லம்மா. எல்லாரும் இதத்தான் போடறாங்க."

கவரை நான் வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. எல்லாக் காசும் தேய்த்துக் கழுவியிருந்தது. எதற்கு நோட்டு என்று கேட்டேன். கேட்கும்போதே என் வீட்டுக்காரரின் குரல் எனக்குள் கேட்டது, அந்த ஒயின் ஷாப்பும் ஞாபகம் வந்தது.

அவருக்குக் கீழ்பென்னாத்தூருக்கு அந்தாண்டை ஒரு ஊர். ஒரே தங்கச்சி. தங்கச்சி மகளுக்கு நாளை மறுநாள் கல்யாணம். ஊரிலிருந்து பாதைக்கு வேர்க்கடலை விற்க வருகிற ஆள் சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

"கூப்பிட்டாங்களா?"

"இல்ல. எப்படிக் கூப்பிடுவாங்க? தங்கச்சி பங்கையும் சேத்து வித்துக் குடிச்சவன் நான்." அதை ஊர்ப் பேரைச் சொல்வது மாதிரிச் சொன்னார். "ஆனா நான் தாய்மாமன்மா. வேற மாமன் கெடையாது அந்தப் பொண்ணுக்கு. வெறுங்கையோட போனா, சோத்துக்கு வந்திருக்கான்னு மண்டபத்துக்கு வெளிய ஒரு பொட்டலம் குடுத்து அனுப்பிடுவாங்க. இந்தக் காச அள்ளி வச்சா, எங்கேருந்து வந்த காசுன்னு பாத்த ஒடனே தெரிஞ்சுடும். ஒரே நோட்டா, ஒரு கவர்ல போட்டு, மொய் எழுதிட்டா யாரும் ஒண்ணும் கேக்கமுடியாதில்ல? அதான்."

சோற்றுக்கு அவருக்குக் குறைவில்லை. பௌர்ணமி வந்தால் ஆளுக்குப் பத்துப் பொட்டலம் வந்து குவியும், பாதி ஊசிப்போகும். ஒரு ஐநூறு ரூபாய் நோட்டுதான் எட்டு மாதமாக அவருக்குக் கிடைக்கவில்லை. கையில் அவ்வளவு காசு இருந்தும் கிடைக்கவில்லை.

கல்லாவிலிருந்து நல்ல புது நோட்டாகத் தேடி எடுத்தேன். சவரத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் என்று மீதிக் காசுக்குச் சில்லறை நோட்டு. என் பங்காக ஒரு நூறு ரூபாயும் வைத்தேன். அதை மட்டும் விரலால் தள்ளிவிட்டார்.

"வேணாம்மா. அப்புறம் நீங்க வச்ச மொய் ஆயிடும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பல் ரெண்டு இல்லை.

மொய்க் கவர் நானே விற்கிறேன், ஒரு ரூபாய்க் காசு ஒட்டிய கவர். பிள்ளையார் படம் போட்டதில் சுருக்கம் இல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நோட்டை உள்ளே வைத்து மடித்தார். பேனா கொடுத்தேன். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினார். எட்டு மாதத்தில் நான் கேட்காத பெயர். அதை இங்கே எழுதமாட்டேன், அது அவர் கவரில் இருக்கட்டும். பெயருக்குக் கீழே பேனா நின்றது.

"ஊருன்னு இன்னாம்மா எழுதறது?"

அவருடைய ஊரில் அவருக்கு வீடு இல்லை. இங்கே டீக்கடை ஷட்டர்.

"திருவண்ணாமலைன்னு எழுதுங்க," என்றேன். நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்த என் வாயிலிருந்து 'ங்க' எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்து, மை காயும்வரை ஊதினார்.

அவர் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் போர்டைக் கழற்றினேன். வீட்டுக்காரர் சாயந்திரம் வந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஐநூறு ரூபாவா? போச்சுமே. இந்நேரம் ரெண்டு குவாட்டர் உள்ள போயிருக்கும். தாய்மாமனாம், கல்யாணமாம். நல்லாக் கதை உட்டிருக்கான் உன் கிட்ட."

"அவர் காசு. குடிச்சா குடிக்கட்டும். உங்களுக்கு இன்னா?" என்று கத்தினேன். கத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். குடிக்கக் கூடாது, அந்தக் கவர் போய்ச் சேரவேண்டும் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். எனக்காகக்கூட அப்படி வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஷட்டருக்கு முன்னால் யாரும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கல்யாண நாள் அது. மழை தூறியது. கடையில் உட்கார்ந்து, பச்சை வெளிச்சம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே ஒரு மண்டபத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். வாழைமரம், மேளம், வாசலில் சந்தனக் கிண்ணம். அந்தக் கூட்டத்தில் அவரை எங்கே நிறுத்திப் பார்த்தாலும் யாரோ ஒருவன் வந்து, "இன்னாய்யா, வெளிய போ" என்றான். எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அதே ஆள் வந்தான். மூன்றாம் நாளும் ஷட்டர் வெறுமையாகக் கிடந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ரெண்டு நாள் குழம்பில் உப்பு ஜாஸ்தி போட்டேன்.

நாலாம் நாள் நல்ல பனி. மலையே இல்லை. மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது, அவ்வளவுதான். அதற்குள்ளிருந்து ஒருவர் என் எதிரே நடந்து வந்தார். மழித்த முகம், வெள்ளைச் சட்டை. யாரோ கிரிவலம் வந்தவர் என்று ஒதுங்கினேன். "அம்மா," என்றார். அப்புறம்தான் அந்த ரெண்டு பல் இல்லாததைப் பார்த்தேன்.

கையில் மஞ்சள் தாம்பூலப் பை. ரெண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரு தேங்காய், வெற்றிலை, பாக்கு. வெற்றிலை வாடியிருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்க வழக்கம்போல அதட்டினேன்.

"மூணு நாளா எங்க போனீங்க? குடிச்சீங்களா?"

"ஒயின் ஷாப்ப ரெண்டு தடவ தாண்டிப் போனேம்மா. காலு நின்னுது. கவர் பாக்கெட்ல இருந்துச்சு, நடந்துட்டேன்."

"மொய் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். மொய் நோட்டு வச்சுக்கினு உக்காந்திருந்தவன் நம்ம ஊருப் பையன்தான். கவர்ல பேரப் படிச்சிட்டு என்னை நிமிந்து பாத்தான். நான் யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. குனிஞ்சு எழுதினான்."

"தங்கச்சி?"

"பேசல. இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போன்னு மச்சான்தான் சொன்னாரு, மாட்டுக்கொட்டாய்ல படுத்துக்கினேன். ஆனா பந்தியில ஒக்காந்தப்ப, தங்கச்சி வந்து எனக்குப் பின்னாடி நின்னுச்சு. எல போட்டாங்க. நான் ஒண்ணும் கேக்கலம்மா. கேக்காமலே சோறு வந்துச்சு, கொழம்பு வந்துச்சு, வடை வந்துச்சு. பரிமாறற பையன் தாண்டிப் போனான். தங்கச்சி அவனக் கூப்ட்டு, 'அண்ணனுக்கு இன்னும் போடு'ன்னுச்சு."

அவர் வலது கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து, எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவே, பனியில், அங்கே ஒரு இலை விரித்திருப்பது மாதிரி அதன் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"நான் இப்படிக் கைய வச்சு, 'போதும்பா'ன்னேம்மா."

அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே கவிழ்ந்திருந்தது.