ஜப்பான் வீட்டுக்கு அப்பா வந்த நாள்

ஒரு காலில் சப்பாத்து, இன்னொரு காலில் வெறும் காலுறை. அப்படியே நின்றுகொண்டிருந்தார் அப்பா. மெல்பர்னுக்கு வெளியே மலைப்பக்கத்தில் இருக்கிற ஒரு பழைய ஜப்பானிய வீடு அது. இப்போது காப்பிக் கடை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறுவதற்கு வாசலில் அகலமான கல் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அந்தக் கல்லின் மேல்தான் அவர் நின்றார். மேலே ஏறுவாரா, திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வாரா என்று தெரியாமல் நான் கார்ச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மகளும், அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையனும், அவனுடைய அப்பாவும் காத்திருந்தார்கள். தாத்தா வேண்டாம் என்றால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பையன் ஜப்பான்காரன்.

நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் இருந்தவர்கள். "ஜப்பான்காரன் சாமான் எதுவும் என் வாசப்படி ஏறக்கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தெருவில் எல்லாரும் ஜப்பான் கார் ஓட்டியபோது அப்பா மட்டும் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் எங்கே ஓட்டினார், நானும் அம்மாவும் அல்லவா தள்ளினோம்! அம்மா கெட்டிக்காரி. சோறாக்கும் மின்சாரக் குக்கர் ஒன்றை வாங்கிவந்து, அதன் மேலிருந்த பெயரைக் கத்தியால் சுரண்டிவிட்டு, லண்டன் சாமான் என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் அப்பா அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே வெள்ளைக்காரன் மூளையைப் புகழ்ந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

காரணம் மட்டும் சிரிக்கிற காரணம் இல்லை. மலாயாவை ஜப்பான்காரர்கள் பிடித்து வைத்திருந்தபோது அப்பாவுக்கு ஐந்து வயது. ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். இப்போது தாய்லாந்து என்கிற சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை, மூன்றே மாதம் என்று சொல்லி அவருடைய அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். கடிதம் இல்லை. செத்துப்போனார் என்று சொல்லக்கூட ஒரு ஆள் வரவில்லை. இதையும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா அந்த லாரியைப் பற்றி வாயே திறந்ததில்லை.

அம்மா போன பிறகு அப்பாவை மெல்பர்னில் கிளேட்டன் பக்கம் இருக்கிற என் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேத்தியின் விஷயத்தைச் சொன்னபோது இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள், "அவன் அப்பன நான் பாக்கணும்" என்றார். பையனின் அப்பா தச்சர். அந்தக் காப்பிக் கடை வீடு ஜப்பானில் ஒரு கிராமத்தில் நூற்றைம்பது வருஷம் நின்ற வீடாம். மரம் மரமாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து, இங்கே மறுபடி நிறுத்தியது அவர்தான். அதனால் அங்கேயே சந்திக்கலாம் என்று ஆசையாகக் கேட்டிருந்தார். நான் அப்பாவிடம், "மலைமேல பழைய வீடுப்பா, காப்பி நல்லா இருக்கும்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். குக்கரைச் சுரண்டியவள் பெற்ற பெண்தானே நான்.

அப்பா அந்தக் கல்லில் நின்றபடி கூரையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், காகிதம் ஒட்டிய கதவைப் பார்த்தார்.

"ஏம்மா, இது ஜப்பான்காரன் வூடுதான?"

"ஆமாப்பா."

"சொல்லிக் கூட்டிட்டு வந்தா என்னா? எனக்கென்ன கண்ணா தெரியல?"

அப்பா குனிந்து அடுத்த சப்பாத்தையும் கழற்றினார். "வூட்டுக்குள்ள சப்பாத்தோட வரக்கூடாதுன்னு தெரிஞ்ச ஆளுங்க. அது மட்டும் சரி" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மெல்பர்னுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு இந்த ஊர்க்காரர்கள் மேல் இருந்த பெரிய குறையே, வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு நடக்கிறார்கள் என்பதுதான்.

உள்ளே கோரைப்பாய் விரித்த தரை, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேசை. எண்பதைத் தாண்டியவர் என்பதால் நாற்காலி கொண்டுவரப் போனார்கள். அப்பா அதை லட்சியம் பண்ணாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தச்சர் எழுந்து நன்றாகக் குனிந்து வணங்கினார். பச்சைத் தேநீர் வந்தது, அப்பா தொடவில்லை. தச்சர் வீட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் அப்பா கேட்டார்: "சண்டைக் காலத்துல உங்க வீட்ல யாரு போனா?"

என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். போச்சுடா என்று நினைத்தேன்.

இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். ஆனாலும் ஒருவர் சொன்னது மற்றவருக்கு அப்படியே புரிந்தது. தன் தாத்தா பர்மாவுக்குப் போனார், திரும்பவில்லை என்றார் தச்சர். வெள்ளைத் துணி சுற்றிய மரப்பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்ததாம். எலும்பு இருக்கும் என்று திறந்து பார்த்தால் ஒரு கல்.

"கல்லா? அத என்னா பண்ணீங்க?"

"புதைத்தோம். கும்பிடுகிறோம். வேறு என்ன செய்ய?"

அப்பா சொன்னார்: "எங்களுக்குக் கல்லுகூட வரல. உங்க தாத்தாவ அனுப்பிவச்சவந்தான் எங்கப்பனையும் லாரில ஏத்துனான்."

தச்சர் ஒரு சாக்கும் சொல்லவில்லை. சண்டை என்றால் அப்படித்தான், காலம் அப்படி என்றெல்லாம் இழுக்கவில்லை. "ஆமாம், எங்கள் ஆட்கள்தான் செய்தார்கள்" என்று சொல்லிவிட்டுத் தரையில் நெற்றி படக் குனிந்தார். எழுந்திருக்கவே இல்லை. அப்பாதான் மேசைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி அவர் தோளைத் தட்டி, "எந்திரிங்க, எந்திரிங்க, புள்ளைங்க பாக்குது" என்றார். அதன் பிறகு அந்தத் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கசக்கிறது, சீனி இல்லையா என்று கேட்டார். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையே.

மலையிறங்கும்போது காரில் நாங்கள் இருவர் மட்டும். பாதி வழியில் அப்பாவே ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி மூத்தவங்களுக்குப் படைப்போமில்ல."

"ஆமாப்பா."

"எங்கப்பனுக்கும் ஒரு இலை போட்டுரு."

கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. என் கல்யாணத்துக்குப் படைத்தபோது எல்லாருக்கும் இலை போட்டுவிட்டுத் தன் அப்பாவுக்கு மட்டும் போட வேண்டாம் என்று தடுத்தவர் அவர். ஆள் உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அத்தனை வருஷமும் அவர் மனதின் ஒரு மூலையில் அந்த லாரி திரும்பி வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கல்யாணத்துக்குச் சரி சொன்னதற்காக அழுதேனா, இதற்காக அழுதேனா, தெரியாது. "அழுவாத, ரோட்டப் பாத்து ஓட்டு" என்று அதட்டினார்.

படையலன்று காலையில் அவரே இலையைக் கழுவி விரித்தார். பிறகு கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். "எங்கப்பனுக்கு என்னா புடிக்கும்னு எனக்குத் தெரியலயேம்மா" என்றார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதனால் எல்லாவற்றையும் வைத்தோம். ஆட்டிறைச்சி, கோழிக் குழம்பு, கருவாடு, வடை, கேசரி, ஒரு கிளாஸ் பீர். சூடம் காட்டிவிட்டு, வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தோம். எப்போதும் ஐந்து நிமிஷம்தான். அன்றைக்குப் பத்தும் ஆனது, பதினைந்தும் ஆனது. அப்பா கதவில் சாய்ந்துகொண்டு நகரவே இல்லை.

"தாத்தா, ஓப்பன் பண்ணலாமா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"இரும்மா" என்றார் அப்பா. "எத்தன வருஷத்துப் பசி. நல்லா பசியாறட்டும்."