ஏலக்காய்க் களத்தில் வாலிபால்

வியாழன் காலை ஆறு மணிக்கு, மடியில் ஒரு வாலிபால் பந்தோடு மதுரையில் ரயில் ஏறினேன். எதிரே இருந்த அம்மாள் ஆண்டிபட்டி வரை அதையே முறைத்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை கல்லூரிகளுக்கு இடையே போட்டி. என்னிடம் இருந்தது ஐந்து பெண்கள். ஆறாவது ஆளான முத்துலட்சுமி, தீபாவளிக்குப் போடிக்குப் போனவள் திரும்பவில்லை. "இனி அனுப்புவதாக இல்லை" என்று அவள் அப்பா ஒற்றை வரியில் கடிதம் போட்டிருந்தார். விழப்போகும் பந்தைப் பாய்ந்து எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. என் பயிற்சி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அணியே இல்லையென்றால் பயிற்சியாளர் எதற்கு என்று பிரின்சிபால் அம்மாள் கேட்டுவிட்டார். எட்டு வருஷம் பள்ளிக்கூட டிரில் வகுப்பில் "கையை நீட்டு, காலை மடக்கு" என்று கத்திவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். மறுபடி அங்கே போகச் சொன்னால் செத்தே போவேன்.

ஐம்பத்தாறு மைலுக்கு வண்டி நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. போடியிலிருந்து மலைமேல் அவர்கள் இருந்த ஏலத் தோட்டத்துக்குப் போக ஜீப்பில் ஆளுக்கு ஒரு ரூபாய். மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் டிரைவர் ராவுத்தர் திரும்பிப் பார்த்தார்.

"பந்த நல்லாப் பிடிச்சுக்கங்கம்மா. இங்கன விட்டா முந்தல்லதான் போயிப் பொறுக்கணும்."

பன்னிரண்டரைக்குத் தோட்டம். முத்துலட்சுமியின் அப்பா பொன்னுச்சாமி சோறு போட்டார், காப்பி கொடுத்தார், மகளை மட்டும் தர மறுத்தார்.

"சம்பந்தம் பேசி வர்றாகம்மா. ஆம்பளைக பாக்குற கூட்டத்துல ஒங்க மக குதிக்கிறாளாமேன்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் ஓடாது, கைதான் ஓடும். ஏலக்காய் கொட்டும் களத்தில் நின்றிருந்த முத்துலட்சுமியை நோக்கிப் பந்தை ஓங்கி அடித்தேன். அந்தச் சரிவில் சமதரை அது ஒன்றுதான், அதற்கும் ஒரு பக்கம் பள்ளம். அவள் விளிம்புவரை பாய்ந்து பந்தைத் தூக்கிவிட்டாள். அது அப்பாவின் தலைக்கு மேல் வந்தது. மனுஷன் யோசிக்கவே இல்லை. துண்டு நழுவ எம்பித் தட்டி மகளிடமே திருப்பி அனுப்பினார்!

காய் கொண்டுவந்த பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "சின்னதுல இருந்து அப்பனும் மகளும் இப்பிடித்தான் டீச்சரம்மா, துணிப்பந்து வச்சு," என்றாள் ஒருத்தி. "விழுந்தா ஓடை வரைக்கும் எறங்கணும்ல? அதான் விழவே விடமாட்டாக."

அட கடவுளே, என் பயிற்சியின் லட்சணம் இதுதானா! வெட்கமாகப் போய்விட்டது.

"நீங்களே கத்துக்கொடுத்துட்டு நீங்களே நிறுத்தினா எப்படிங்க?" என்றேன்.

பொன்னுச்சாமி துண்டை எடுத்து உதறினார். "பாக்குற கூட்டத்துல நானும் ஒரு ஆளா நிக்கிறேன்," என்றார். "எவன் பேசுறான்னு பாப்போம். ஏத்தா, பெட்டியக் கட்டு," என்று மகளை ஏவினார்.

வெள்ளிக்கிழமை மூவரும் போடியில் ரயில் ஏறினோம். மதுரையில் எங்கள் மைதானம் சமதரை. பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பிள்ளைகளின் சோம்பலுக்கு அதுதான் காரணமோ என்னவோ. ஜெயித்தாலும் தோற்றாலும், என் பயிற்சி என்று பிரின்சிபால் அம்மாளிடம் சொல்ல இனி எனக்கு நாக்கு எழாது.

ஆண்டிபட்டி தாண்டும்போது பார்த்தேன். பந்து பொன்னுச்சாமியின் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.