பிடுங்கிய வயரும் நிற்காத பாட்டும்

1. காலையில் வந்த போன்

“அண்ணே, ஸ்பீக்கர் வயர் மொத்தமும் கழண்டு கெடக்கு. ஆனா பாட்டு நிக்க மாட்டேங்குது!”

மணமேல்குடியிலிருந்து செல்வராசு போனில் சொன்னது இது. நான் புதுக்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாக ஆடியோ சர்வீஸ் கடை வைத்திருப்பவன். ஆம்ப்ளிஃபயர் புகைந்து பார்த்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் பல்லி வெந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். வயரைப் பிடுங்கிய பிறகும் பாடுகிற செட்டைப் பார்த்ததில்லை.

“காலங்காத்தால வெளையாடாதய்யா” என்று போனை வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தான். இந்தத் தடவை போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினான். கணீரென்று பாடிக்கொண்டிருந்தது.

சாதாரண வயராக இருந்தால் நான் பதறியிருக்க மாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நானே வரவழைத்து, நானே மாட்டிய வயர் அது. கட்டைவிரல் தடிமன், நீலப் பின்னல் உறை, முனையெல்லாம் தங்க முலாம் பூசிய பிளக். விலை ஒரு கறவை மாட்டு விலை. செல்வராசு வளைகுடாவில் பல வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். தனக்கென்று அவன் ஆசையாக வாங்கியது அந்த ஸ்டீரியோ செட் ஒன்றுதான். “வயர் சரியில்லைன்னா இவ்வளவு பெரிய செட்டு வாங்கியே பிரயோசனம் இல்ல தம்பி” என்று சொன்னவன் நான். ஏமாற்றிச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். எங்கள் பக்கம் என்னைக் ‘காதுக்காரர்’ என்பார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

2. மாட்டிய அன்று நடந்தது

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். புதுசை மாட்டி, கஸ்டமர் வாயால் ‘சரி’ என்று வரும்வரை பழசைக் கழற்றக் கூடாது. பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் மறுபடி மாட்டுவது யார்?

அந்த ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஸ்பீக்கர் ஏ, ஸ்பீக்கர் பி என்று இரண்டு இணைப்புகள். பழைய செம்பு வயர் ஏ-யில் இருந்தது. வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் வழியாக ஓட்டியது, கண்ணுக்குத் தெரியாது. நீல வயரை பி-யில் மாட்டினேன். இரண்டும் போய்ச் சேர்வது அதே ஸ்பீக்கர்களுக்குத்தான். முன்பக்கத்தில் ஒரு செலக்டர் உண்டு. ஏ-யில் வைத்தால் பழைய வயர் வழியாகப் பாடும், பி-யில் வைத்தால் புதுசு வழியாகப் பாடும்.

பாட்டைப் போட்டோம். செல்வராசு கண்ணை மூடிக்கொண்டான். “அண்ணே, அடைச்ச சன்னலத் தொறந்துவிட்ட மாதிரில்ல இருக்கு!”

எனக்கும் அப்படித்தான் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மயிர்க்கால் குத்திட்டு நின்றது.

டீ கொண்டுவந்த அவன் மனைவி மல்லிகா நின்று கேட்டாள். “எனக்கு முன்ன மாதிரியேதான இருக்கு?”

“அதுக்குக் காது பழகணும் தாயி. எல்லாருக்கும் கேட்டுறாது” என்றேன்.

“அவ செவிட்டுக் கழுதைண்ணே, விடுங்க” என்று செல்வராசு சிரித்தான். நானும் சிரித்தேன். மல்லிகா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினேன். பழைய வயரைக் கழற்றவில்லை.

3. “எவ்வளவு நேரம் நிக்கும்?”

போன் வந்த அன்று அறந்தாங்கி வழியாகப் பைக்கில் போய் இறங்கினேன். நீல வயர் நான்கு பிளக்கோடும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தரையில் கிடந்தது. பாட்டு பாடிக்கொண்டிருந்தது.

“கூட்டுறப்ப வெளக்கமாறு மாட்டி ஒண்ணு வந்துருச்சுண்ணே” என்றாள் மல்லிகா. “பாட்டு நிக்கல. என்னடா இதுன்னு மிச்ச மூணையும் நானே உருவிட்டேன். அப்பவும் பாடுது.”

குனிந்து செலக்டரைப் பார்த்தேன். ஏ-யில் இருந்தது.

அடப்பாவி! மாட்டிய அன்று நான் பி-க்குத் திருப்பவே இல்லை. மூன்று வருஷமாக அந்த நீல வயரில் ஒரு துளி சத்தம்கூட ஓடவில்லை. நானும் அவனும் மயங்கிப் போய்க் கேட்டதெல்லாம் பழைய செம்பு வயரின் பாட்டு. இந்த வீட்டைக் காட்டித்தான் விராலிமலை வரைக்கும் ஏழெட்டு வீட்டில் இதே வயரை மாட்டியிருக்கிறேன்.

“என்னண்ணே ஆச்சு?” என்றான் செல்வராசு.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், முதலில் பொய்தான் வந்தது. “உள்ளுக்குள்ள கரண்ட் கொஞ்ச நேரம் நிக்கும் தம்பி. அதுல பாடும்.”

அவன் தலையாட்டினான். மல்லிகா ஆட்டவில்லை.

“எவ்வளவு நேரம்ண்ணே நிக்கும்? நான் உருவுனது நேத்துக் காலையில. இவுக ஊருல இல்ல. நேத்து முச்சூடும் பாடுச்சு, இன்னைக்கும் பாடுது.”

அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

செல்வராசுவுக்கு முகம் செத்துப்போனது. ஆனால் விடவில்லை. “அப்ப இப்ப மாட்டி பி-யில போடுங்க. இன்னும் பெரிய வித்தியாசம் தெரியும் பாருங்க!” என்றான். எனக்கும் அந்த நப்பாசை இருந்தது. மாட்டினேன். நாங்கள் இருவரும் செட்டைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். செலக்டரைத் திருப்பினால் ‘டக்’கென்று சத்தம் வரும். அதை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்று, “ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு தடவ அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிட்டு எதுலயாவது நிறுத்து தாயி” என்று மல்லிகாவிடம் சொன்னேன்.

“இது நீலம்” என்பான் செல்வராசு. “இல்ல, பழசு” என்பேன் நான். ஒரு இடத்தில், “இந்தா பாரு, வயலின் தனியாப் பிரிஞ்சு வருது, இது நீலந்தான்” என்று அடித்துச் சொன்னேன். அவனும் ஒத்துக்கொண்டான்.

பின்னால் செலக்டர் திருப்புகிற ‘டக்’ நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர்.

“ஆரம்பத்துலேருந்து ஏ-யிலயேதாண்ணே நிறுத்துறேன். ஒரு தடவகூட நீலத்துல நிறுத்தல.”

முப்பது வருஷக் காது. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

“தஞ்சாவூர்ல போயி காது டெஸ்ட் எடுத்தேண்ணே” என்றாள். “நல்லாத்தான் கேக்குதுன்னு எழுதிக் கொடுத்தாக. இவுக நம்பல. ‘டாக்டருக்குத் தெரியுமா, காதுக்காரருக்குத் தெரியுமா’ன்னாக. கல்யாண வீட்டுல யாராச்சும் ஏதாச்சும் கேட்டாக்கூட, நமக்குச் சரியாக் கேட்டுச்சான்னு சந்தேகத்துல வாயத் தொறக்காம உக்காந்துருப்பேன். மூணு வருசம்ண்ணே.”

‘அதுக்குக் காது பழகணும் தாயி.’ டீக்கு நடுவில் சொல்லிவிட்டு நான் மறந்துபோன ஒரு பேச்சு.

“இப்பச் சொல்லுங்கண்ணே. எங்காது நல்ல காதா, இல்லையா? இவுகளுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லுங்க.”

எழுந்து நின்று சொன்னேன். “நல்ல காது தாயி. அன்னைக்கு இந்த ரூம்ல மூணு பேரு இருந்தோம். ஒனக்கு மட்டுந்தான் காது கேட்டுச்சு. என்னைய மன்னிச்சுரு.”

செல்வராசு எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினான். நீல வயரைச் சுருட்டி என் பையில் வைத்தான். மல்லிகாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

4. தொழிலுக்கு வரும் இளசுகளுக்கு

தூரத்துக்கு ஏற்ற தடிமனில் நல்ல செம்பு வயர் போதும். நீளமாக ஓட்டும்போது மெலிந்த வயர் போட்டால் சத்தம் கெடும், அது உண்மை. பிளஸ் மைனஸ் மாறாமல், முனை ஆடாமல் முறுக்குங்கள். அதற்குமேல் காசு இருந்தால் கஸ்டமரை நல்ல ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். நீல வயர் மாட்டிய மற்ற வீடுகளுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவர், “ஒங்க காது கெட்டுப்போச்சுங்க, எங்காதுக்கு வித்தியாசம் தெரியுது” என்று வாசலோடு அனுப்பிவிட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வித்தியாசம் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், அவர் காதைக் குறை சொல்வதற்கு முன்னால் செலக்டர் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். நான் குனிய மூன்று வருஷமாயிற்று. அதற்குள் ஒரு பெண் டாக்டரிடம் போய் வந்துவிட்டாள்.