கிற்றார் வாசித்தது நான் இல்லை

பொன்னாடை தோளில் விழுந்தபோது எனக்கு முதலில் வந்தது பெருமை அல்ல, சொறிச்சல். ஜரிகைக் கரை வைத்த மஞ்சள் துணி, கடை மடிப்புக்கூடக் கலையாதது, கழுத்தோரம் முள்ளாய்க் குத்தியது. எதிரே மண்டபம் நிறைந்த சனம் கைதட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் வரிசை ஓரத்தில், ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேரே வந்த களைப்போடு என் மச்சாள் உட்கார்ந்திருந்தார். அந்தக் கைதட்டல் முழுவதும் அவருக்குரியது. வாங்கிக்கொண்டு நின்றவன் நான். கிற்றாரை எந்தப் பக்கம் மேலே பிடிப்பது என்பதிலேயே எனக்கு அவ்வப்போது சந்தேகம் வரும்.

திருகோணமலை நகரில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. காரணம் என் திறமை அல்ல, என் ஒலிபெருக்கிகள். கல்யாணம், கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி எதுவென்றாலும் என் பெட்டிகள்தான் கத்தும். மைக் சரிபார்க்கும்போது நான் விடும் பகிடிகளைக் கேட்கவே ஆட்கள் நேரத்தோடு வருகிறார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைப் பரப்பியதும் நான்தான். தொழில் மந்தமாக இருந்த ஒரு வருடத்தில், லிங்கநகர் வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினேன். கூடம் என்று சொன்னது நான் மட்டும். அம்மாவுக்கு அது கடைசிவரை சாமான் அறைதான். முட்டைத் தட்டு ஒட்டினால் சத்தம் எதிரொலிக்காது என்று யாரோ சொன்னதை நம்பிச் சுவர் முழுக்க ஒட்டினேன். எதிரொலி அப்படியே இருந்தது, பல்லிகளுக்குத்தான் நல்ல குடியிருப்பு அமைந்தது. பிறகு அம்மாவின் அலுமாரியை இழுத்து வந்து கதவுகளைத் திறந்து வைத்தேன். உள்ளே தொங்கிய சேலைகள் சத்தத்தை நன்றாகவே குடித்தன. அந்த அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரை, ஒரு மைக். அவ்வளவுதான் கூடம்.

அந்தக் கதிரையில் முதலில் உட்கார்ந்தவரும், உட்காரத் தகுதியிருந்த ஒரே ஆளும் மச்சாள். என் மாமாவின் மூத்த மகள். பெரியாஸ்பத்திரியில் மிஸ்ஸி. தாதியர் பயிற்சிக்குப் போன இடத்தில் விடுதி மூலையில் யாரோ விட்டுப்போன கிற்றார் ஒன்று கிடந்ததாம், ஒரு தந்தி இல்லாமல். இருந்த தந்திகளை வைத்துத் தானாகவே பழகினார். பின்னர் புதுக் கிற்றார் வாங்கியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இல்லாத தந்தியைச் சுற்றிப் போவதுபோல் விரல்கள் ஒரு வளைவு வளைந்துதான் அடுத்த இடத்துக்குப் போகும். அந்த வளைவில்தான் அவருடைய இசை இருந்தது. ஆனால் அவர் பாடமாட்டார். அவர் செய்த மெட்டுகள் எதிலும் சொற்கள் இல்லை. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுவும் ஒரு காரணம். குரல் இருந்திருந்தால் வாசித்தது ஒரு பெண் என்றாவது ஊருக்கு விளங்கியிருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் கண்ணயரும் நேரத்தில்தான் பதிவு செய்வோம். காற்றாடியை நிறுத்துவோம், குளிர்சாதனப் பெட்டியை நிறுத்துவோம். வியர்வை முழங்கையால் வழிந்து கிற்றாரில் சொட்டும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் மறுபடியும் தொடங்க வேண்டும். மச்சாள் சலிக்கவே மாட்டார். சலித்தவர் அம்மா. உங்கட சங்கீதத்துக்கு என்ர பாரை மீன் பழுதாகுது என்று குசினியிலிருந்து சொல்வார். அதுவும் பதிவாகும்.

பதிவு செய்தவற்றைக் கலந்து சீராக்குவது என் வேலை. புதிதாக மீசை முளைத்தவன் கண்ணாடி முன்னால் நிற்பதுபோல் நான் கணினி முன்னால் நிற்பேன். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் மெட்டில் எதிரொலியை அள்ளிப் போட்டேன். மச்சாள் கேட்டுவிட்டு, என்னைக் கொண்டுபோய்க் கிணற்றுக்குள் இறக்கிவிட்டாய் என்றார். எடுத்தேன். அடுத்து, விரல்கள் தந்தியில் இழுபடும்போது எழும் கீச்சுச் சத்தங்களை எல்லாம் ஒவ்வொன்றாய்த் தேடி அழித்தேன். ஒரு கிழமை வேலை. பெருமையோடு போட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"அது என்ர விரலெல்லோ மச்சான். அதை எடுத்தால் ஆர் வாசிச்சதெண்டு என்ன அடையாளம்?"

ஒரு கிழமை அழித்ததை இன்னொரு கிழமை திரும்ப வைத்தேன்.

அந்த மெட்டுக்கு அவர் வைத்த பெயர் 'எட்டாம் வாட்டு', ஆஸ்பத்திரியில் அவர் வேலை பார்த்த வாட்டின் பெயரே. அடித்தந்தி ஒன்று சேலைன் துளிபோல் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலே, நித்திரை வராமல் புரண்டு படுக்கும் ஒருவரைப்போல் ஒரு சிறிய ராகம் திரும்பித் திரும்பி வரும். அதை என்னுடைய யூடியூப் பக்கத்தில் போட்டோம். பக்கம் என்னுடையது என்றாலும் இசை, கிற்றார் இரண்டுக்கும் நேரே அவர் பெயரைத்தான் எழுதினேன். ஒலிக்கலவை என்பதற்கு நேரே கடைசியில் என் பெயர். யார் அதை வாசித்தார்கள்?

மெட்டு பரவியது. பாண் வாங்கப் போனால் கடைக்காரர் கிற்றாரில் கலக்கிப் போட்டீர் என்றார். கிண்ணியாவில் ஒரு கல்யாண வீட்டில் பெட்டி இறக்கப் போனால் மாப்பிள்ளை வந்து கட்டிப்பிடித்தார். நான் இல்லை, என் மச்சாள் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வாழ்நாள் முழுவதும் மைக்கில் பொய் சொல்லிச் சிரிக்க வைத்தவன் ஒருநாள் உண்மையைச் சொன்னால் அதற்கும் சிரிப்புத்தான் கிடைக்கும்போலும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சிரிக்காதவர்கள் அதை என் தன்னடக்கம் என்றார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை எரிகிறது. ஆண் ஒருவன் இல்லை என்று தலையில் அடித்துச் சொன்னாலும் ஓம் என்று எழுதிக்கொள்ளும் ஊர், பெண் ஒருத்தி செய்து காட்டியதையே கண்ணைத் திறந்து பார்க்க மறுத்தது. மச்சாளுக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை, மேடையும் வேண்டியிருக்கவில்லை. தான் வாசித்ததைத் தான் வாசித்ததாக நாலு பேர் அறிய வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

அப்போதுதான் ஊரின் கலை மன்றம் ஒன்று எனக்குக் கௌரவிப்பு வைத்தது. அழைப்பிதழில் 'கிற்றார் கலைஞர்' என்று என் பெயர். மெட்டின் பெயரையும் மாற்றியிருந்தார்கள். வாட்டு என்றால் நோய் ஞாபகம் வருமாம், மங்களம் இல்லையாம். ஆகவே 'அலைகளின் அழைப்பு'. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியும் ஊரில் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அலை என்று ஞானஸ்நானம் செய்துவிடுகிறார்கள். நான் மன்றத் தலைவரின் வீட்டுக்கே போனேன். நல்ல மனிதர், வெள்ளை வேட்டி, இனிய பேச்சு, தேநீரும் கேக்கும் தந்தார். வாசித்தது மச்சாள் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

"அவ மிஸ்ஸி எல்லோ தம்பி," என்றார். "ஊசி போடுற கை. நீங்கள் குடும்பத்தில எல்லாரையும் உயர்த்த நினைக்கிறீங்கள், அது உங்கட பெரிய மனசு."

அந்தக் கேக்கை நான் சாப்பிட்டுவிட்டேன் என்பதில் எனக்கு இன்னமும் வெட்கம்.

போகாமல் விடுவோம் என்று மச்சாளிடம் சொன்னேன். போ, மைக் கையில் கிடைக்கும்போது எல்லோருக்கும் கேட்கச் சொல்லு, நானும் வாறன் என்றார். அப்படித்தான் பொன்னாடையோடு மைக்கின் முன்னால் நின்றேன். வாசித்தது நான் அல்ல, மூன்றாம் வரிசையில் இருக்கிற என் மச்சாள் என்றேன். மண்டபம் சிரித்தது. கிற்றார் வாசிப்பவர்களின் இடக்கை விரல் நுனி காய்த்துப் போயிருக்கும், என்னுடையதைப் பாருங்கள், பணிஸ் மாதிரி மெத்தென்று இருக்கிறது என்று கையை விரித்துக் காட்டினேன். சிரிப்பு கூடியது. பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

தலைவர் மைக்கை வாங்கினார். "இதுதான் எங்கட கலைஞர். பகிடிக்குள்ளயும் பணிவு. அந்தச் சகோதரியும் மேடைக்கு வந்து இவரைக் கௌரவிக்க வேணும்."

மச்சாளின் கையில் மலர்ச்செண்டு ஒன்றைத் திணித்தார்கள். எனக்குக் கொடுப்பதற்கு. தன் இசைக்குத் தானே என்னைப் பாராட்ட வேண்டுமாம். மச்சாள் செண்டைக் கதிரையில் வைத்துவிட்டு, மேடை அலங்காரத்துக்காகச் சாய்த்து வைத்திருந்த கிற்றாரை எடுத்தார். அது அழகுக்கு வைத்தது. கடையிலிருந்து வந்தபின் யாரும் அதைத் தொட்டதில்லை. மச்சாள் குனிந்து, காதைச் சாய்த்து, ஒவ்வொரு தந்தியாகச் சுதி சேர்க்கத் தொடங்கினார். சனம் கொஞ்சம் அமைதியானது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் போதும், எல்லாம் விளங்கியிருக்கும். ஆனால் மேடையோரம் நடனப் பிள்ளைகள் சலங்கையோடு காத்து நின்றார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்று ஒலிபெருக்கிக்கு அமர்த்தியிருந்த வேற்று ஆளுக்குக் கையசைத்தார். மைக்கை எடுத்தார்கள், நடனப் பாட்டு முழங்கத் தொடங்கியது. பிள்ளைகள் மச்சாளைச் சுற்றிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார்கள்.

மச்சாள் கிற்றாரை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தார். "சுதி சேரேல்லை. இப்பிடி வாசிக்க ஏலாது," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பாவம், மிஸ்ஸி ஆசைப்பட்டுப் பார்த்தவ, வரேல்லை என்று படிக்கட்டருகே ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கதிரையில் கிடந்த செண்டை நான் எடுத்துக்கொண்டு வெளியே வர, ஊருக்குள் மாடுபோல் திரியும் புள்ளிமான்களில் ஒன்று மண்டப வாசலில் அதை மென்று தின்றது. அன்றைக்கு அந்த மண்டபத்திலிருந்து உரிய வாய்க்குப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

ஓட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் நான் மன்றத்தையும் தலைவரையும் அவருடைய வேட்டியையும் திட்டிக்கொண்டே வந்தேன். மச்சாள் வெளியே துறைமுக வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது மட்டும், நாளை மத்தியானம் மைக் சும்மா இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

மறுநாள் வந்தார். அலுமாரி முன்னால் உட்கார்ந்தார். நான் பதிவைத் தொடங்கியதும் வாசிக்கவில்லை. மைக்குக்குக் கிட்டக் குனிந்து, நிதானமாகத் தன் முழுப் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரோடு. பிறகு, "இது என்ர மெட்டு. கிற்றார் நான்தான் வாசிக்கிறன்," என்றார். அதன்பிறகுதான் முதல் தந்தி. வாசித்து முடிந்ததும், தொடக்கத்தை வெட்டிவிடட்டோ என்று கேட்டேன்.

"வெட்டாதை. ட்யூட்டி மாறும்போது நாங்கள் ஆர் என்ன செய்ததெண்டு வாயால சொல்லிப்போட்டுத்தான் போவம். சொல்லாட்டி, அடுத்து வாறவ செய்ததாப் போயிடும்."

அதற்குப் பிறகு அவருடைய எல்லா மெட்டும் அப்படித்தான் தொடங்குகின்றன. இப்போது அவர் குளிர் நாடொன்றில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறார். ஓய்வு நாட்களில் தன் அறையிலேயே பதிவு செய்து அனுப்புகிறார். நான் இங்கே, அதே சாமான் அறையில் இருந்து கலக்குகிறேன். அங்கே கப்பல் ஊதுவதில்லை, பாண் ஓட்டோ இல்லை, பதிவு பளிங்குபோல் வருகிறது. இந்தக் கட்டுரையில் அவர் பெயரை நான் எழுதாததற்கும் அவரே காரணம். நான் எழுதி வைத்த பெயரை ஒருவரும் வாசிக்கவில்லையே, இனி என் வாயால் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

போன கிழமை புதிய மெட்டொன்றை ஏற்றினேன். மறுநாளே மன்றத் தலைவரிடமிருந்து செய்தி வந்தது. அதே தலைவர், அதே இனிமை. இசை அருமையாம், என் விரல்களில் இன்னும் மெருகு ஏறியிருக்கிறதாம். கூடவே ஒரு கேள்வி: தொடக்கத்தில் பேசுகிற அந்த அறிவிப்பாளர் பிள்ளை யார், நல்ல குரல், எங்கள் அடுத்த விழாவுக்கு அறிவிப்புச் செய்ய வருவாவா?

நான் கைத்தொலைபேசியைச் சுவரில் எறியப் போனேன். அது தவணைக் காசில் வாங்கியது என்ற ஞாபகம் வந்ததால் எறியவில்லை. செய்தியை அப்படியே மச்சாளுக்கு அனுப்பினேன். பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. முதலில் சிரிப்பு. பிறகு, வாட்டில் மருந்து சொல்லும் அதே நிதானம்.

"வாறன் எண்டு சொல்லு, மச்சான். ஆவணியில எனக்கு லீவு. கிற்றாரைச் சுதி சேர்த்துக் கொண்டே வாறன். மைக் என்ர கையில இருந்தால் சரி."

தலைவருக்கு ஓம் என்று பதில் போட்டிருக்கிறேன். அறிவிப்பாளர் வருவா, ஒலிபெருக்கிக்கு இந்தமுறை வேறு ஆளைப் பார்க்க வேண்டாம், நானே வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன்.