சத்தமில்லாத டிஸ்க்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் பவர்லூம் ஓடும் தெரு எங்களுடையது. அங்கே கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். தறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று பொருள். சத்தம் நின்றால்தான் பதறுவோம். நூல் அறுந்து தறி நின்றுவிட்டாலும் மோட்டார் மட்டும் தனியாக உறுமிக்கொண்டே இருக்கும். அப்போது யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஓடிப்போய் சுவிட்சை அணைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர்கள்கூட அணைத்திருக்கிறார்கள். சாப்பிட்ட கையோடு ஓடி நானும் அணைத்திருக்கிறேன்.

என் கணவர் முன்பக்கக் கொட்டகையில் இரண்டு தறி ஓட்டுகிறார். நான் பின்னறையில் கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுகிறேன். பார்டரில் ஓர் அன்னம் வர வேண்டுமென்றால், எந்த இடத்தில் எந்த நூல் மேலே தெரியும் என்று பார்த்துப் பார்த்துச் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் புத்தூரில் ஒரு டிசைன் கடையில் கற்றுக்கொண்ட வேலை. அந்தக் கடையில் ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத்தான் மலிவாக வாங்கி வந்தேன்.

மலிவுக்குத் தகுந்த கம்ப்யூட்டர். ஆன் பண்ணிவிட்டு, அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து பார்த்தாலும் அது தயாராகியிருக்காது. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் ஓயாமல் கரகரத்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பெரிய டிசைனைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். நான் பெட்டியின் தலையில் தட்டுவேன். தட்டக்கூடாது என்று தெரியும். கோபம் வந்தால் என் கை யார் சொல்வதையும் கேட்காது.

இந்த நிலையில்தான் ஒரு சேலை வியாபாரி வந்தார். சில பார்டர்கள் போட்டுக் காட்டு, பிடித்திருந்தால் இனிமேல் என் டிசைன் வேலை முழுவதும் உனக்குத்தான் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதே சமயம் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பிறகு இறங்க வேண்டும். அதைக் கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் எத்தனையோ பேர் அதில்தான் தலைநிமிர்ந்தார்கள். ஆனால் எனக்கு டிசைன் போடுவது பிடிக்கும். நான் போட்ட பூவை முகம் தெரியாத ஒருத்தி உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போவாள் என்று நினைத்தாலே மனசு நிறைந்துவிடும். வியாபாரிக்குப் பிடித்தால் இந்த வேலை, இல்லாவிட்டால் பஸ்.

அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க முடியாது. "புது டிஸ்க் போடணும். வேகமா இருக்கணும், விலை நமக்குக் கட்டுப்படியாகணும், சத்தமே இருக்கக்கூடாது" என்றேன்.

கணவர் சிரித்தார். "தறி ஓடற வூட்ல சத்தம் இல்லாத டிஸ்க்கா? நல்லா கேட்டம்மே."

"நாள் பூரா உங்க தறிச் சத்தம் என் மண்டைக்குள்ள ஓடிக்கினு கீது. அது நிக்கற நேரத்துலதான் எனக்குக் கலரே கண்ணுல படுது. அந்த நேரத்துல இந்தக் கரகரப்பு எனக்கு எதுக்கு?"

அவர் பழைய வேட்டியை எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்.

டிஸ்க் மாற்றத் திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில் அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலைக்குப் போகிற ஓர் அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஸ்வாமிக்கி முடுப்பாம்மா?" என்று கேட்டார். சாமிக்கு நேர்ந்துகொண்டு கட்டிய முடிப்பு என்று நினைத்துவிட்டார். எனக்கிருந்த பயத்துக்கு, ஆமாம் என்றே தலையாட்டிவிட்டேன்.

திருப்பதியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் மூன்று வகை எடுத்து வைத்தார். முதலாவது பழைய மாதிரியே சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். நிறைய இடம், குறைந்த விலை. நான் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். அவர் பதறிப்போய் வாங்கி வைத்துவிட்டார். இரண்டாவது சூயிங்கம் பட்டை அளவில் இருந்தது. வேகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவரே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்க போர்டுல இதுக்கு இடமே லேதும்மா. உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார். மூன்றாவது, சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய தட்டையான எஸ்எஸ்டி. உள்ளே சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. இடம் குறைந்ததாக எடுத்தால் விலையும் எங்கள் கைக்கு எட்டியது. கம்ப்யூட்டர் ஓடுவதற்கு அது போதும், பழைய டிஸ்க்கை ஓர் உறையில் போட்டுத் தருகிறேன், பழைய டிசைன் வேண்டுமென்றால் மட்டும் ஒயரால் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துவிட்டது, அங்கேயே மாட்டி வாங்கி வந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கடைசி பார்டரில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றிலும் அதுதான் நன்றாக வந்துகொண்டிருந்தது. வெற்றிலைக் கொடிக்கு நடுவே ஜோடி அன்னம். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வரவே எழுந்து அடுப்புக்கு ஓடினேன். திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. பக்கத்தில் கணவர், ஏதோ நல்ல காரியம் செய்த முகத்தோடு நின்றிருந்தார்.

"சத்தமே வரலம்மே. ஃபேன் மட்டும் உர்ருனு சுத்திக்கினு இருந்துச்சி. இந்த டிவியும் கருப்பாயிடுச்சி. நின்னுடுச்சே, மோட்டார் வீணா ஓடுதேன்னு நான்தான் ஆஃப் பண்ணேன்."

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை தானே கருத்துப்போகும் என்று அவருக்குத் தெரியாது. காலையிலிருந்து போட்டதை நான் சேவ் செய்திருக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அழுகையும் வந்தது. திட்டிக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். திட்டு வரிசையில் நான் இன்னும் அவருடைய அக்காவுக்குக்கூட வந்து சேரவில்லை, அதற்குள் திரையில் எல்லாம் வந்து தயாராக நின்றது. இருவரும் அதையே பார்த்தோம். பழைய டிஸ்க்காக இருந்தால் அவர் குடும்பத்தில் ஒருவரையும் விட்டிருக்க மாட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குச் சிரிக்கப் பயம்.

"போட முடியுமா திரும்ப?" என்றார்.

"இந்த வேகத்துக்கு முடியும். கண்ணுதான் கட்டத்துல நிக்கணும்" என்றேன்.

அவர் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்றும் நின்றது. பழக்கதோஷத்தில் நான் எழுந்து ஓடப் பார்த்தேன். மோட்டார் உறுமல் கேட்கவில்லை. நூல் அறுந்து நின்றதல்ல, அவரே நிறுத்தியிருக்கிறார். ஓடாத தறிக்குக் கூலி கிடையாது. கரண்ட் இருக்கும்போது அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

அந்த அமைதியில் அன்னங்கள் முதலில் வந்ததைவிட அழகாக வந்தன. காலையில் கழுத்து கொஞ்சம் விறைப்பாக இருந்தது, இப்போது வளைந்தது. ஒவ்வொரு கொடிக்கும் சேவ் செய்தேன்.

வெள்ளிக்கிழமை வியாபாரி மற்றவற்றையெல்லாம் சும்மா தள்ளிக்கொண்டே வந்து அன்னத்தில் நின்றார். "பாகுந்தம்மா" என்று தெலுங்கில் மெச்சினார். அடுத்த மாதத்து டிசைன்களையும் அங்கேயே சொல்லிவிட்டுப் போனார். கம்பெனிக்குப் போன் செய்து நான் வரவில்லை என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் தறிகள் கொஞ்ச நேரம் நிற்கின்றன. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் வாரத்தில் ஒருநாள் எதிர்வீட்டு அக்கா பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தது பின்னறையில் இருந்த எனக்குக் கேட்டது.

"இன்னாப்பா, தறி நின்னு கெடக்குது? உங்க வூட்ல மட்டும் கரண்ட் இல்லியா?"

"கரண்ட் கீதுக்கா" என்றார் கணவர். "உள்ள ஒரு தறி ஓடிக்கினு கீது."