ஜவ்வாதுக்கு முட்டைக்கோதுத் தூள்

ஸரூக் அறுத்த எலும்பில் இறைச்சி மிஞ்சாது, இறைச்சியில் எலும்புச் சில்லு இருக்காது. பதுளைக் கடைவீதியில் அப்படி ஒரு கைக்காரன் வேறு இல்லை என்பது அவனுடைய மூத்த சகோதரி ஸவாஹிராவின் தீர்மானம். தாயில்லாத அவனை வளர்ப்பதற்காக ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். இருபத்தைந்து வயதில் அவன் சொந்தமாக இறைச்சிக்கடை வைத்துவிட்டான். தேயிலைத் தோட்டத் துரைமாரின் பங்களாச் சமையற்காரர்கள் அவனைத் தேடித்தான் வருவார்கள். நிறுவையில் அரை அவுன்ஸ் குறைந்ததில்லை. பழைய இறைச்சியைப் புதிதென்று சொன்னதில்லை. இதையெல்லாம் அவள் கேட்பவரிடமும் சொல்லுவாள், கேட்காதவரிடமும் சொல்லுவாள்.

அந்த ஸரூக்தான் 1968ஆம் ஆண்டில் ஒரு பூனைக்குட்டியின் பேரில் அவளுடைய பொறுமை முழுவதையும் தீர்த்தான்.

குட்டிக்குப் பெயர் ஜவ்வாது. சாம்பல் நிறம், ஐந்து மாதம். கடை வாசலில் கிடந்ததை எடுத்து, நல்ல தனிச்சதையாகப் பார்த்துப் பொடியாக அரிந்து ஊட்டினான். எலும்பு, கொழுப்பு, ஜவ்வு ஒன்றும் சேரவிடவில்லை. அப்படி ராஜபோகமாக வளர்ந்த குட்டி ஒருநாள் பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தது. தொட்டால் கத்தியது.

ஸவாஹிரா அதைக் கூடையில் வைத்து மிருக வைத்தியர் அம்பலவாணரிடம் கொண்டுபோனாள். யாழ்ப்பாணத்து மனிதர், கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுவார்.

"என்ன குடுக்கிறியள் இதுக்கு?"

"நல்ல மாட்டிறைச்சி, டொக்டர். பச்சையா. என்ட தம்பிட கடை."

"எலும்பு?"

"ஒரு சில்லு கூட படாது. அவ்வளவு சுத்தம்."

"அதுதானம்மா பிழை. தெருப்பூனை எலியை எலும்போட தின்னுது. இதுக்கு வெறும் சதை. சுண்ணாம்புச்சத்துக் காணாமல் எலும்பெல்லாம் கடதாசி மாதிரிப் போச்சு. இனி விழுந்தால் முறியும். முறிஞ்சால் ஊசி போட்டு முடிக்கிறதைத் தவிர வேற வழியில்லை. நான் சொல்லுறபடி குடுத்து, மூண்டு கிழமையால கொண்டு வாங்கோ."

அவர் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்ததும் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள். கால் இறாத்தல் இறைச்சிக்கு மட்டமாகக் கால் தேக்கரண்டி முட்டைக்கோதுத் தூள். மீனெண்ணெய் கிழமைக்கு இரண்டு துளி. கூடினால் அதுவும் கேடு. ஈரல் கிழமைக்கு ஒருதரம், விரல்நுனி அளவு.

தேநீர்க் கடையில் உடைத்துப்போட்ட முட்டைக்கோது கேட்டு வாங்கி, உள்தோலை உரித்து, கழுவி, வெயிலில் காயவைத்து, சட்டியில் வறுத்து, இடித்து, மல்துணியில் இரண்டு தரம் சலித்தாள். மாவுபோல வந்தது. இறைச்சியில் பிசைந்து வைத்தாள். ஜவ்வாது முகர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே. குறைத்துப் போட்டாள், நனைத்துப் போட்டாள், விரலில் எடுத்து வாயில் தடவினாள். கையைக் கீறியதுதான் மிச்சம்.

"பொடியப் போட்டா யாரு தின்பா, ராத்தா?" என்றான் ஸரூக். "என்ட இறைச்சிய சாப்புட்டு பதுளையில எவனுக்காவது கால் முறிஞ்சீக்கா?"

"அவனெல்லாம் சோறும் முள்ளோட நெத்தலியும் தின்றான்டா! ஒன்ட பூனைக்கு வெறும் சதை!"

அந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில், நிலவின் கணக்கில் வரும் பௌத்தர்களின் போயா நாள்தான் வார விடுமுறை. அன்றைக்கு இறைச்சிக்கடைகள் பூட்டு. முதல்நாளே வாங்கிப் பக்கத்து வீட்டு ரஹ்மத்தும்மாவின் பிரிஜ்ஜில் வைத்திருந்த இறைச்சியில் தூளைப் பிசைந்து கொடுத்தாள். ஜவ்வாது தட்டை நக்கி முடித்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் மறுபடியும் முகத்தைத் திருப்பியது.

இரண்டாவது போயாவிலும் நக்கித் தின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மற்ற நாட்களில் ஸரூக் காலையிலேயே குட்டியைக் கூடையோடு கடைக்குத் தூக்கிப் போய், பின்னேரம்தான் கொண்டுவருகிறான். வீட்டில் விட்டால் நாய் வந்துவிடுமாம். போயாவில் மட்டும்தான் அது வீட்டில் இருக்கிறது. வைத்தியர் கொடுத்த மூன்று கிழமையில் இரண்டு போய்விட்டன.

மறுநாள் காலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். பொம்பிளைகள் அந்தப் பக்கம் போகாத காலம். கடையில் நின்றவர் தம்பையா என்ற பங்களாச் சமையற்காரர் ஒருவர்தான். கூடைக்குள் ஜவ்வாது வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது.

"இது என்னடா?"

"ஒண்டுமில்ல ராத்தா, ஒரு சின்னத் துண்டு..."

"சின்னத் துண்டா?" தம்பையா சிரித்தார். "நான் வாரப்ப எல்லாம் அது வாயில ஒரு துண்டு இருக்குங்க. எங்க தொரைக்குக்கூட இவ்வளவு நல்லதா வெட்டித் தரமாட்டாரு."

"நீங்க சும்மா இருங்க! என்ட தம்பி இறைச்சிக்கு இந்த ஊருலயே நிகரில்ல. வாங்கிக்கொண்டு போங்க," என்று அவரை அடக்கிவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினாள். "கால் முறிஞ்சா கொல்லணும் எண்டு டொக்டர் சொன்னது கேக்கலயா ஒனக்கு? சரி, இங்கதான் குடுக்கிற எண்டா பொடியையும் போட்டுக் குடுத்தா என்ன?"

தம்பையா தெருவில் இறங்கும்வரை ஸரூக் கத்தியைத் துடைத்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "வெள்ளப் பொடிய இறைச்சில தூவுறத ஆரும் கண்டா என்ன நெனப்பான்? கெட்டுப்போன இறைச்சிக்கு மருந்து போடுறான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுவான். இவ்வளவு வருஷமா சேத்த பேரு போயிரும். கூடைக்குள்ள கெடந்து கத்துது, வெறும் வயித்தோட பாத்துக்கொண்டு ஈக்கவும் ஏலல்ல."

ஸவாஹிராவுக்கு நெற்றியில் அறைந்துகொள்ளத் தோன்றியது. இதை முதல்நாளே சொல்லியிருந்தால் இரண்டு கிழமை வீணாகியிருக்குமா?

"வாயத் தொறந்து சொல்ல ஒனக்கு என்னடா வந்த?" என்று கேட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஜவ்வாது கடைப்பக்கம் போகவில்லை. ஒரு பகல் முழுவதும் கத்தியது. அசர் தொழுகைக்குப் பிறகு தூள் பிசைந்த இறைச்சியைத் தின்றது. மூன்றாம் கிழமை முடிவில் வைத்தியர் காலை அழுத்திப் பார்த்தபோது குட்டி கத்தவில்லை. "ஊசி வேண்டாம்," என்றார். "இடது கால் கொஞ்சம் வளைஞ்சபடிதான் நிக்கும். நிப்பாட்டாமல் குடுங்கோ."

ஒரு மாதம் கழித்து ஜவ்வாது ஸரூக்கின் செருப்புச் சத்தம் கேட்டு, வளைந்த காலோடு தானாகவே வாசலுக்கு நடந்து வந்தது. ஸரூக் அதைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா ராத்தா," என்றான், கண் கலங்க. "நம்மட இறைச்சிட சத்து!"